காவலாளிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு சிறிய சோதனைக் குழாயில் 2 மில்லி லிட்டர் வெந்நீர் இருக்கிறது. அதன் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் ஒரு வெப்பமானியை அதற்குள் வைக்கிறீர்கள். வெப்பமானியின் குமிழைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அரை மில்லி லிட்டர் நீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்திற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்கும் காற்றுக்கும் போகும் வெப்பத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். வெப்பமானி எவ்வளவு காட்டும்? காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை 70 டிகிரி! பத்து டிகிரியை வெப்பமானியே விழுங்கிவிட்டது. அதே வெப்பமானியை 200 மில்லி லிட்டர் வெந்நீரில் வைத்தால் 79.9 டிகிரி காட்டும். குறை வெப்பமானியில் இல்லை. அளக்கப்படும் பொருளுக்கு அது பொருத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இயற்பியல் ஆசிரியர் கணிப்பொறியைப் பற்றி எழுத வந்துவிட்டு வெந்நீரை ஏன் காய்ச்சுகிறார் என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கணிப்பொறிக்குள்ளும் நாம் இப்போது ஒரு 'வெப்பமானியை' வைக்கிறோம். அதற்குக் காவல் மென்பொருள் என்று பெயர். வணிக உலகில் அதை ஏஜென்ட் என்கிறார்கள். ஏஜென்ட் என்றால் முகவர். பின்னணியில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அது. எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது, எந்த நிரல் புதிதாக ஓடத் தொடங்குகிறது, எந்த முகவரியுடன் கணிப்பொறி பேசுகிறது என்றெல்லாம் கவனித்து, ஐயத்துக்கு இடமானதைத் தடுக்கும் அல்லது தலைமைக் கணிப்பொறிக்குத் தகவல் சொல்லும். இந்த வேலைக்கு அதற்கும் இடம் வேண்டும், நினைவகம் வேண்டும், மையச் செயலகத்தின் நேரம் வேண்டும். எனவே ஒவ்வொரு ஏஜென்டுடனும் ஒரு தேவைப் பட்டியல் வருகிறது. இன்ன இயங்குதளம், இன்ன பதிப்பு, இத்தனை கிகாபைட் நினைவகம், வன்தட்டில் இத்தனை இடம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

பலரும் அதைப் படிப்பதே இல்லை. படிப்பவர்களும் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளைப்போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். விண்டோஸ் கணிப்பொறிகளில் இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. பெரும்பாலான ஏஜென்டுகள் அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. லினக்ஸ், மேக் போன்ற பிற கணிப்பொறிகளில்தான் பட்டியலின் ஒவ்வொரு வரியும் உயிர்ப்பிரச்சினை ஆகிறது. அந்த வரிகள் 'முடியாது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்களைப் போட்டுக் குழப்புகின்றன என்பதும், அந்தக் குழப்பத்தால் நல்ல கணிப்பொறிகள் குப்பைக்குப் போகின்றன என்பதும் என் கருத்து. அதை உங்களிடம் வாதாடவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளிவைப்போம். "லினக்ஸுக்கு வைரஸ் வராது, மேக்குக்கு வைரஸ் வராது, அவற்றுக்கு எதற்குக் காவல்?" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. சொந்தக் கணிப்பொறிகளிடையே பரவலாகத் தொற்றிய முதல் வைரஸ்களில் ஒன்று 'எல்க் குளோனர்'. 1982-ல் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவர் விளையாட்டாக எழுதியது. அது தொற்றியது ஆப்பிள்-2 கணிப்பொறிகளை. விண்டோஸின் முதல் பதிப்பு அப்போது வெளிவரவே இல்லை. அது வந்தது 1985-ல்தான். 1988 நவம்பர் 2-ல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு தாக்கியவை யூனிக்ஸ் கணிப்பொறிகள். 2012-ல் 'ஃபிளாஷ்பேக்' என்ற தீநிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணிப்பொறிகளில் நுழைந்திருந்தது. 2016-ல் 'மிராய்' என்ற தீநிரல், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் அவை போன்ற சிறு கருவிகளையும் ஆயிரக்கணக்கில் அடிமையாக்கியது. அது செய்த தந்திரம் மிக எளிது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. அப்படிப்பட்ட அறுபது சொச்சம் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே போய்விட்டது!

மிராய் தாக்கிய கேமராக்களுக்குள் எந்த ஏஜென்டையும் நிறுவ இடமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2 மில்லி லிட்டர் நீரின் கதை அதுதான்.

சரி, பட்டியலுக்கு வருவோம். எல்லோர் கண்ணிலும் முதலில் படும் வரி நினைவகம். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'கிளாம்ஏவி'. லினக்ஸ் உலகில் 2002 முதல் இருந்துவரும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய வைரஸ் தேடும் மென்பொருள் இது. இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. இதன் ஆவணங்கள் லினக்ஸ் கணிப்பொறிகளுக்குக் குறைந்தது 3 கிகாபைட் நினைவகத்தைப் பரிந்துரைத்து வந்திருக்கின்றன. ஒரு வைரஸ் தேடும் நிரலுக்கு 3 கிகாபைட்டா? ஏன்?

கிளாம்ஏவி வைரஸ்களை அடையாளத்தைக் கொண்டு பிடிக்கிறது. காவல் நிலையச் சுவரில் குற்றவாளிகளின் படங்களை ஒட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைப்போல லட்சக்கணக்கான தீநிரல்களின் அடையாளக் குறிகளை அது ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் அத்தனை அடையாளங்களோடும் ஒப்பிட வேண்டும். வன்தட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துவந்து ஒப்பிட்டால் விடிந்துவிடும். எனவே முழுத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. இது மட்டுமே ஒரு கிகாபைட்டைத் தாண்டிப் போனதுண்டு. ஏறக்குறைய 1.2 கிகாபைட் என்று ஆவணம் சொன்னது.

அப்படியானால் 1.5 போதுமே, 3 எதற்கு? இங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. புதிய வைரஸ்களின் அடையாளங்கள் நாள்தோறும் வருகின்றன. புதிய தொகுப்பை ஏற்றும்போது பழையதை முதலில் இறக்கிவிட்டால், அந்தச் சில நொடிகள் காவல் இல்லாமல் போகும். காவலாளி மாறும்போது புதியவர் வந்து நின்ற பிறகே பழையவர் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல், 2020-ல் வெளிவந்த 0.103 பதிப்பிலிருந்து கிளாம்ஏவி பழைய தொகுப்பு இருக்கும்போதே புதியதையும் ஏற்றுகிறது. அந்தச் சிறிது நேரத்துக்கு நினைவகத்தில் இரண்டு தொகுப்புகள்! 1.2-ஐ இரண்டால் பெருக்கினால் 2.4. மற்ற வேலைகளுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 3.

இப்போது 2 கிகாபைட் நினைவகம் உள்ள கணிப்பொறியில் என்ன நடக்கும்? நாள் முழுவதும் ஓரளவு ஓடும். நாளைக்கு ஒருமுறை, தொகுப்பு மாறும் நேரத்தில், நினைவகம் போதாமல் வன்தட்டை நினைவகமாகப் பயன்படுத்த முயன்று கணிப்பொறி திணறும். அதற்கும் இடமில்லையென்றால் லினக்ஸ் தன் கடைசி ஆயுதத்தை எடுக்கும். நினைவகத்தை அதிகமாக வைத்திருக்கும் நிரலாகப் பார்த்து நிறுத்திவிடும். யார் அதிகமாக வைத்திருப்பது? பெரும்பாலும் காவலாளியேதான்! வீட்டில் இடமில்லை என்று காவலாளியை வெளியே தள்ளியது போல ஆகிவிடுகிறது.

ஆனால் இதற்கு ஒரு வழியையும் அந்த மென்பொருளை எழுதியவர்களே வைத்திருக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால், பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும். அந்தச் சிறிது நேரம் சோதனை நின்றிருக்கும். ஒரு பள்ளிக் கணிப்பொறிக்கு அது பெரிய இழப்பா? இல்லை என்பேன். ஒரு வங்கியின் அஞ்சல் கணிப்பொறிக்கு? ஆம், இழப்புதான். பட்டியல் வெறும் '3 கிகாபைட்' என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த முடிவை நம்மால் எடுத்திருக்கவே முடியாது. ஏன் 3 என்று அவர்கள் எழுதி வைத்ததால்தான் முடிகிறது. பல வணிக ஏஜென்டுகளின் பட்டியல்களில் எண் இருக்கும். ஏன் என்பது இருக்காது.

எல்லா ஏஜென்டுகளும் இவ்வளவு பெரியவை அல்ல. 2015-ல் தொடங்கிய 'வாஸூ' என்ற திறந்த மென்பொருளின் ஏஜென்டுக்குச் சராசரியாக 35 மெகாபைட் நினைவகம் போதும் என்று அதன் ஆவணம் கூறுகிறது. நூறில் மூன்று பங்குகூட இல்லை! மந்திரம் ஒன்றுமில்லை. இது பார்த்ததைத் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்பிவிடுகிறது. ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. ஒருவர் குற்றவாளிகளின் படங்கள் அனைத்தையும் தலையில் சுமந்தபடி நிற்கிறார். மற்றவர் தொலைபேசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டாமவருக்கு வலையமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், தலைமைக் கணிப்பொறி ஒன்றும் வேண்டும். எனவே பாரம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அடுத்தது கெர்னல். லினக்ஸுக்கான பட்டியல்களில் 'கெர்னல் 3.10 அல்லது அதற்கு மேல்' என்பது போன்ற ஒரு வரியைக் காண்பீர்கள். கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. இயங்குதளத்தின் உட்கரு அது. நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்பைத் திறப்பது, விசைப்பலகையிலிருந்து எழுத்தை வாங்குவது எல்லாம் அதன் வேலை. சாதாரண நிரல் ஒன்று தவறு செய்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். கெர்னலுக்குள் ஒரு தவறு நடந்தால் கணிப்பொறியே நின்றுவிடும்.

காவல் மென்பொருளை எழுதுபவர்களுக்குக் கெர்னலுக்குள் போய் உட்கார ஆசை. அங்கிருந்தால் எல்லாம் தெரியும். லினக்ஸில் அதற்குக் கெர்னல் மாட்யூல் என்ற துண்டு நிரலை எழுதுவார்கள். சிக்கல் என்னவென்றால், லினக்ஸ் தன் வெளி வாசலை மாற்றாமல் காக்கும். உள் அறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றி அமைக்கும். ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது. ஒரு பதிப்புக்காகத் தொகுத்த மாட்யூல் இன்னொரு பதிப்பில் பொதுவாகச் சேராது. ஆகவே ஏஜென்டை விற்கும் நிறுவனம் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகத் தொகுத்து, சோதித்து, பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை பயனாளர் காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள்: கெர்னலில் உள்ள ஓட்டையை அடைக்கப் புதிய பதிப்பு வந்துவிட்டது; காவலாளி அதற்குத் தயாராகவில்லை என்பதால் ஓட்டையுள்ள பழைய பதிப்பிலேயே இருக்கிறோம்! இத்தகைய பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

கெர்னலுக்குள் உட்கார்வதன் ஆபத்தை உலகம் முழுவதும் கண்ட நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் ஏஜென்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு கோப்பு 21-வது புலம் ஒன்றைப் படிக்கச் சொன்னது. நிரல் தந்ததோ 20 புலங்கள். இல்லாத இடத்தைப் படிக்கப் போன நிரல் கெர்னலுக்குள் இருந்ததால், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து "பார்த்தீர்களா, எங்கள் லினக்ஸ்!" என்று மார்தட்டியவர்களும் உண்டு. அவர்கள் அதே ஆண்டில் சில வாரங்கள் முன்பு நடந்ததை மறந்துவிட்டார்கள். ரெட் ஹேட் லினக்ஸ் 9.4-ன் ஒரு கெர்னலில் அதே நிறுவனத்தின் ஏஜென்ட் ஓடத் தொடங்கியதும் கணிப்பொறிகள் நிலைகுலைந்தன.

அந்த இரண்டாவது நிகழ்ச்சி சிந்திக்க வைப்பது. ஏனென்றால், அங்கே ஏஜென்ட் கெர்னல் மாட்யூலாக உட்காரவில்லை. ஈபிபிஎஃப் என்ற புதிய முறையைப் பயன்படுத்தியது. 2014-ல் லினக்ஸ் 3.18-ல் வடிவம் பெற்ற இந்த முறையில், வெளியிலிருந்து ஒரு சிறு நிரலைக் கெர்னலிடம் கொடுக்கலாம். கெர்னல் அதை ஏற்கும் முன் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும்: முடிவில்லாமல் சுற்றுமா, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடுமா என்று பார்த்த பிறகே ஓட விடும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சரிபார்க்கும் கெர்னலிலேயே பிழை இருந்தால்? அன்று குறை கெர்னல் பக்கத்தில்தான் இருந்தது. அப்படியும் நான் ஈபிபிஎஃப் பக்கமே நிற்பேன். ஒரு வாசலில் சோதனை சரியில்லை என்றால் சோதனையைத் திருத்த வேண்டும். வாசலையே எடுத்துவிட்டு எல்லோரையும் உள்ளே விடுவது தீர்வாகாது.

ஆப்பிள் நிறுவனம் இதில் கண்டிப்பான வழியை எடுத்தது. 2019-ல் வந்த மேக்-ஓஎஸ் கேட்டலினாவில், காவல் மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே இருந்துகொண்டே செய்திகளைக் கேட்டறிய ஒரு தனி வழியைத் திறந்தது. 2020-ல் வந்த பிக் சர் பதிப்பில் பழைய உள்வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. மேக்குக்கான ஏஜென்டுகளின் பட்டியலில் பழைய பதிப்புகள் இல்லாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலும், முழு வன்தட்டையும் பார்க்கும் உரிமையைக் கணிப்பொறியின் பொறுப்பாளர் தனியாக வழங்க வேண்டும் என்ற வரியும் மேக் பட்டியல்களில் இருக்கும். ஏஜென்டை நிறுவிவிட்டு இந்த உரிமையைக் கொடுக்க மறந்தால், கண்ணைக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்தியது போலாகும்.

'வேறு காவல் மென்பொருள் இருக்கக் கூடாது' என்ற வரியையும் பலர் கடந்து போகிறார்கள். போட்டி நிறுவனத்தின் பொறாமை என்று எண்ணிவிடாதீர்கள். லினக்ஸில் ஃபேனோட்டிஃபை என்ற வசதி 2011 முதல் இருக்கிறது. ஒரு கோப்பைத் திறக்கும் முன் கெர்னல் காவலாளியிடம் அனுமதி கேட்கும். அவர் 'சரி' என்று சொல்லும்வரை கோப்பைக் கேட்டவர் நிற்க வேண்டும். இரண்டு காவலாளிகள் இருந்தால்? முதல்வர் சோதிப்பதற்காக ஒரு கோப்பைத் திறக்கிறார். அதற்கு இரண்டாமவர் அனுமதி தர வேண்டும். இரண்டாமவர் அதைச் சோதிக்கத் தன் கோப்பைத் திறக்கிறார். அதற்கு முதல்வர் அனுமதி தர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, கணிப்பொறி உறைந்து போகலாம். மைக்ரோசாஃப்ட் 2020-ல் தன் டிஃபெண்டரை லினக்ஸுக்கும் வெளியிட்டபோது அதன் பட்டியலில் இந்த எச்சரிக்கை இடம்பெற்றது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். மேலே பார்த்த வரிகளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். கெர்னல் பொருந்தாவிட்டால் மாட்யூல் ஏறவே ஏறாது. ஏஆர்எம் வகை பிராசசர் உள்ள ராஸ்ப்பெரி பையில் இன்டெல் வகைக்காகத் தொகுத்த ஏஜென்ட் ஒரு வரிகூட ஓடாது. இது உண்மையான 'முடியாது'. 2 கிகாபைட் கணிப்பொறியில் 3 கேட்கும் நிரல் ஓடும், ஆனால் திணறும். அமைப்பை மாற்றினால் சமாளிக்கலாம். இது வேறு வகை. மூன்றாவது வகை இன்னும் வேடிக்கையானது. 'டெபியன், உபுண்டு, ரெட் ஹேட்' என்று நான்கைந்து லினக்ஸ் வகைகளின் பெயர் பட்டியலில் இருக்கும். சென்னையிலுள்ள சி-டாக் 2007-ல் வெளியிட்ட நம் பாஸ் லினக்ஸின் பெயரை அயல்நாட்டு நிறுவனங்களின் பட்டியலில் நான் பார்த்ததில்லை. ஆனால் பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது! கெர்னலும் அடிப்படை நூலகங்களும் அதே பதிப்பாக இருந்தால் ஏஜென்ட் அதில் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. 'ஆதரவு இல்லை' என்று அங்கே சொல்வதற்குப் பொருள், 'நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. கெட்டுப்போனால் எங்களைக் கேட்காதீர்கள்' என்பது மட்டுமே.

ஏறாது, திணறும், சோதிக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே அட்டவணையில், ஒரே எழுத்தில், ஒரே குரலில் அச்சாகின்றன. படிப்பவர் மூன்றையும் 'முடியாது' என்றே எடுத்துக்கொள்கிறார்.

இதன் விளைவை எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்தேன். பன்னிரண்டு பழைய கணிப்பொறிகள், எல்லாம் 2 கிகாபைட், எல்லாம் லினக்ஸ். டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற சிறு அளவீட்டுக் கருவியை அவற்றோடு இணைத்து, மாணவர்கள் ஊசலின் அலைவு நேரத்தையும் ஒலி அலையின் வடிவத்தையும் பதிவு செய்கிறார்கள். அந்த வேலைக்கு 2 கிகாபைட் தாராளம். ஓர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: எல்லாக் கணிப்பொறிகளிலும் குறிப்பிட்ட ஏஜென்டை நிறுவ வேண்டும், 4 கிகாபைட் இல்லாதவற்றைக் கழித்துவிட வேண்டும். 4 எதற்கு என்று எழுதிக் கேட்டேன். 'பட்டியலில் அவ்வாறு உள்ளது' என்று பதில் வந்தது. ஒரு மாணவன் தேர்வில் 'ஏன்?' என்ற வினாவுக்கு 'புத்தகத்தில் அவ்வாறு உள்ளது' என்று எழுதினால் எத்தனை மதிப்பெண் கொடுப்போம்?

கடைசியில் அந்தப் பன்னிரண்டையும் இணையத்திலிருந்து பிரித்துவிட்டோம். உள்ளே வரும் பென் டிரைவ்கள் எல்லாவற்றையும் சோதிக்க, பட்டியலுக்குப் பொருந்தும் ஒரு கணிப்பொறியை வாசலில் வைத்தோம். காவலாளியை ஒவ்வொரு அறையிலும் நிறுத்த இடமில்லை என்றால் வாயிலில் நிறுத்தலாம்தானே? ஆய்வகம் ஓடுகிறது. ஆனால் இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. இணையம் தேவைப்படும் கணிப்பொறியை இப்படிப் பிரித்து வைக்க வழியில்லை. அங்கே பழைய கணிப்பொறி உண்மையிலேயே போக வேண்டியிருக்கலாம். 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 7 போன்ற ஒன்றில் என்ன ஏஜென்டைப் போட்டாலும், அடித்தளத்தில் விழும் புதிய ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. அதையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான லினக்ஸ் வகைகளை யாரால் சோதிக்க முடியும்? முடியாதுதான். சோதிக்காததை 'சோதிக்கவில்லை' என்று எழுதுவதற்குச் செலவு என்ன? காரணங்களை வெளியிட்டால் திருடனுக்குத் துப்புக் கொடுத்ததாகும் என்று சிலர் சொல்கிறார்கள். கிளாம்ஏவியின் மூல நிரலே எல்லோரும் படிக்கும்படி வெளியில் கிடக்கிறது. தன் நினைவகம் எப்போது இரட்டிப்பாகும் என்பதையும் அது சொல்லிவிட்டது. அதனால் அது கெட்டுப் போய்விடவில்லை. நம் நாட்டிலும், பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை ஒட்டிய 'மாயா' என்ற இயங்குதளத்தையும் அதற்கெனச் 'சக்கரவியூகம்' என்ற காவல் மென்பொருளையும் கொண்டுவருவதாக 2023 ஆகஸ்டில் செய்திகள் வந்தன. லினக்ஸுக்குக் காவல் மென்பொருள் எழுதும் வேலை இங்கேயே நடக்கிறது என்றால், அதன் பட்டியலைக் காரணத்தோடு எழுதும் பழக்கத்தையும் இங்கேயே தொடங்கலாம். நாளை அதை எழுதப் போகிறவர்கள் உங்களில் சிலராக இருக்கலாம்.

உங்கள் பள்ளியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், ஆசிரியரிடம் அனுமதி பெற்று முனையத்தைத் திறங்கள். கெர்னலின் பதிப்பைச் சொல்லும் 'யூநேம்' ஆணையையும், நினைவகத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் 'ஃப்ரீ' ஆணையையும் ஓட்டிப் பாருங்கள். நிறுவப்போகும் ஏஜென்டின் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது மூன்றில் எந்த வகை என்று பென்சிலால் குறியுங்கள். சில வரிகளுக்கு உங்களால் முடிவு சொல்ல முடியாது. அவற்றை அப்படியே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: கணிப்பொறியின் கடிகாரம். பட்டியலில் 'நேரம் சரியாக இருக்க வேண்டும்' என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், அல்லது போடவே மாட்டார்கள். ஏஜென்ட் தன் தலைமைக் கணிப்பொறியோடு பேசத் தொடங்கும் முன் அதன் சான்றிதழைச் சோதிக்கும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோன பழைய கணிப்பொறி, ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு விழித்தெழும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! தொடர்பு அறுந்துவிடும், 'இந்தக் கணிப்பொறி பழசு, ஏஜென்ட் ஒத்துவரவில்லை' என்று சீட்டு எழுதி ஓரமாக வைத்துவிடுவார்கள். மின்கலத்தின் பெயர் சிஆர் 2032. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும்.